மருத்துவ முகாமுக்கு மொழிபெயர்க்கப் போகிறீர்களா? ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு முழு வழிகாட்டி

தொலைதூர ஊர்களுக்கு ஒரு மருத்துவக் குழு கிளம்புகிறது என்றால் டாக்டர், நர்ஸ், மருந்துப் பெட்டி, ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். மொழிபெயர்ப்புக்கு மட்டும் "அங்கே போய் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த "யாரையாவது" நீங்கள்தான் என்றால் இது உங்களுக்காக எழுதியது. இரண்டு மொழி தெரிந்த, சம்பளம் வாங்காமல் உதவ நினைக்கிற, ஆனால் இதற்கென்று படிப்போ பயிற்சியோ இல்லாத ஆள் என்று உங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் சொல் தெரியாமல் போவது இல்லை. உதவ வேண்டும் என்கிற அவசரம்தான் கெடுக்கிறது. நோயாளி சொன்ன நீளமான கதையைச் சுருக்கிச் சொல்வது, டாக்டர் கேட்பதற்குள் நாமே பதில் சொல்வது, கெட்ட செய்தியைக் கொஞ்சம் இனிப்பாக்குவது எல்லாம் நல்ல மனசோடுதான் நடக்கும். அமெரிக்காவில் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் குழந்தைகளுக்கான 13 மருத்துவ உரையாடல்களைப் பதிவு செய்து வரி வரியாகப் பார்த்தார்கள். ஓர் உரையாடலுக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னது இல்லை, சொல்லாமல் விட்டது. சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு, பயிற்சி பெற்ற மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களைவிடக் கையில் கிடைத்தவர்களை உட்கார வைத்தபோது அதிகமாக இருந்தது. அதனால் கீழே வருவதில் பாதி, "எதை விடக்கூடாது" என்பதைப் பற்றித்தான்.

படி 1: முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள்

வீட்டில் பேசி வளர்ந்த மொழி என்றால் அரட்டை அடிக்கப் போதும், மருத்துவம் பேசப் போதுமா என்பது வேறு கேள்வி. ஃபோனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, சர்க்கரை நோய் மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும், அதைச் சாப்பிட்டுவிட்டு மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த மொழியில் இரண்டு நிமிடம் பேசுங்கள். மறுநாள் போட்டுக் கேளுங்கள். எங்கெல்லாம் வேறு மொழிக்குத் தாவினீர்கள், எங்கெல்லாம் "அந்த... இது" என்று இழுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டால் நீங்கள் எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் தானாகவே வந்துவிடும். அப்புறம் நண்பர் ஒருவரை நான்கு வாக்கியம் வாசிக்கச் சொல்லி, எழுதாமல், ஒன்றுகூட விடாமல் மற்ற மொழியில் சொல்லிப் பாருங்கள். நடுவில் இரண்டு எண்கள் இருக்கட்டும். எண்கள்தான் முதலில் நழுவும்.

அதே மொழியின் வேறு வட்டார வழக்கு உள்ள ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். "ஓரளவு புரியும்" என்கிற அளவுக்குத் தெரிந்தால் பதிவு மேசையில் உட்காரலாம், டோக்கன் கொடுக்கலாம், வரிசையை ஒழுங்குபடுத்தலாம். ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும் இடத்தில் உட்காரக் கூடாது. இதை நீங்களே குழுத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவர்கள் காதுக்கு நீங்கள் பேசுவது எல்லாமே சரளமாகத்தான் கேட்கும்.

ரத்தம், சீழ், நாற்றம் இதெல்லாம் தாங்குமா என்று பலரும் யோசிப்பார்கள். மாதவிடாய், மலம், உடலுறவு பற்றி உங்கள் பாட்டி வயதுள்ள ஒருவரிடம் முகம் கோணாமல் கேட்க முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. முகாமில் இரண்டாவதுதான் தினமும் வரும்.

படி 2: எந்தக் குழுவோடு போவது

எல்லா முகாமும் நல்ல முகாம் இல்லை. கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. குழு கிளம்பிய பிறகு தையல் பிரிப்பது, மாத்திரை தொடர்வது, ரிசல்ட் சொல்வது யார் பொறுப்பு? அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் திட்டத்தில் இருக்கிறார்களா? மொழிபெயர்ப்பாளர்களுக்கு அரை நாளாவது பயிற்சி உண்டா? எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள்? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

உள்ளூரிலேயே இரு மொழியும் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1978-ல் தொடங்கி மருத்துவமனைக் கப்பல்களை நடத்தும் மெர்சி ஷிப்ஸ், கப்பல் நிற்கும் நாட்டு மக்களையே வேலைக்கு எடுத்து வார்டுகளில் மொழிபெயர்க்க வைக்கிறது. அது சரியான வழி. அப்படி உள்ளூர் ஆட்கள் இருக்கும் இடத்தில் உங்கள் வேலை அவர்களுக்குத் துணையாக நிற்பதுதான்.

பயணம் முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. 1993-ல் பிரான்ஸில் ஆரம்பித்து இன்று கிளியர் குளோபல் அமைப்பின் கீழ் இயங்கும் டிரான்ஸ்லேட்டர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ், வீட்டிலிருந்தபடியே சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள், எச்சரிக்கைகள் போன்றவற்றை மொழிபெயர்க்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோதும் உள்ளூர் மொழிகளில் தகவல் கொடுக்க அவர்கள் வேலை செய்தார்கள்.

தடுப்பூசி விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் (ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் போதும் என்று 2016 முதல் விதி). ஹெபடைடிஸ் பி-க்கு வழக்கமாகப் பல மாதங்களில் மூன்று ஊசி. மொழிபெயர்க்க வந்த ஆளுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், நீங்கள் நிற்கப்போவது ஊசி போடும் மேசைக்கு அரை அடி தள்ளி.

படி 3: சொற்களைச் சேர்ப்பது

பெரும்பாலானவர்கள் உடல் உறுப்புகளின் பட்டியலில் தொடங்குவார்கள். கணையம், மண்ணீரல் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் முகாமில் அந்த வார்த்தைகள் வாயில் வருவதே அபூர்வம். டாக்டர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்: எப்போதிலிருந்து, எங்கே, எப்படிப்பட்ட வலி, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா. இந்தக் கேள்விகள்தான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

எந்த முகாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கண் முகாம் என்றால் சொட்டு மருந்து, கட்டு, தலை குனியாமல் இருப்பது, கண்ணைத் தேய்க்காமல் இருப்பது. பல் முகாம் என்றால் மரத்துப்போகும் ஊசி, பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும்.

வலியின் வகைகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். குத்துவது, எரிவது, இழுப்பது, கடுப்பது, மரத்துப்போவது என்று தமிழிலேயே எத்தனை இருக்கின்றன பாருங்கள். மற்ற மொழியிலும் அப்படித்தான் இருக்கும். டாக்டருக்கு எரிச்சலும் குத்தலும் வேறு வேறு நோய்களைக் காட்டலாம், எல்லாவற்றையும் "வலிக்கிறது" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் அவருக்குப் பாதித் தகவல் போய்விடும். வலி எவ்வளவு என்று கேட்க சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் படங்கள் உள்ள அட்டையை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்காக உருவாக்கியதுதான், ஆனால் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு பழக்கமில்லாத பெரியவர்களுக்கும் உதவும்.

அந்தரங்க உறுப்புகளுக்கு எந்தச் சொல்லைச் சொன்னால் கேட்பவர் கூசமாட்டார் என்பதை அகராதி சொல்லாது. அந்த ஊரில் பிரசவம் பார்த்துப் பழகிய நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ இருந்தால் போனவுடனே அவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். ஆண்களிடம் சொல்வது வேறு, பெண்களிடம் சொல்வது வேறு என்றும் சில இடங்களில் இருக்கும். நாட்களை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள். தேதி தெரியாதவர்களிடம் "எந்த மாசம் எத்தனாம் தேதி" என்று கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. மழைக்கு முன்னாலா பின்னாலா, அறுவடைக்கு முன்னாலா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

படி 4: டாக்டரோடு ஐந்து நிமிடம்

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், கூட்டம் சேர்ந்த பிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியது: ஒரு நேரத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், சுருக்கெழுத்துகள் வேண்டாம், என்னைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள், நான் கையை உயர்த்தினால் நிறுத்துங்கள், நோயாளிக்கு முன்னால் உங்களுக்குள் பேசிக்கொள்வதையும் நான் மொழிபெயர்ப்பேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் சிலர் முகம் மாறும். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

உட்காரும் இடம் முக்கியம். நோயாளிக்குப் பக்கத்தில், சற்றே பின்தள்ளி உட்கார்ந்தால் டாக்டரும் அவரும் முகம் பார்த்துப் பேசுவார்கள். நடுவில் உட்கார்ந்தால் இருவரும் உங்களோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். உடலைப் பரிசோதிக்கும்போது திரைக்கு இந்தப் பக்கம் நின்று குரல் மட்டும் கொடுங்கள்.

படி 5: நோயாளியிடம் முதலில் சொல்ல வேண்டியது

ஒவ்வொரு புதிய நோயாளிக்கும் அரை நிமிடம். கிட்டத்தட்ட இப்படி:

"வணக்கம் அம்மா. டாக்டர் பேசுவதை உங்கள் மொழியிலும், நீங்கள் பேசுவதை அவர் மொழியிலும் நான் சொல்வேன். நீங்கள் சொல்வதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன், அதனால் டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பதை என்னிடமும் சொல்லாதீர்கள். இங்கே கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன். எனக்குப் புரியாவிட்டால் நிறுத்தி மறுபடியும் கேட்பேன்."

நேரமில்லை என்று இதை விட்டுவிடுகிற குழுக்களில் பிற்பகலுக்குள், டாக்டர் மருந்து எழுத எழுந்துபோன இடைவெளியில் நோயாளி உங்கள் காதில் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்டு "அவர்கிட்ட சொல்லாதே" என்பார். அப்போது மாட்டிக்கொள்வீர்கள்.

படி 6: பேச்சு நடக்கும்போது

"நான்" என்றால் "நான்" என்றே சொல்லுங்கள். நோயாளி "நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை" என்றால் டாக்டரிடமும் அதேதான், "அவர் தூங்கவில்லை என்கிறார்" என்று மாற்ற வேண்டாம். தமிழில் பேசிப் பழகிய நமக்கு இது ரொம்பக் கஷ்டம், வாய் தானாகவே "தூங்கலையாம்", "வலிக்குதாம்" என்று போய்விடும். அந்த 'ஆம்' நுழைந்தால் கேட்பவருக்கு லேசாக ஒரு சந்தேகத் தொனி சேர்ந்துவிடும், அது நீங்கள் சேர்த்தது. நீங்களே பேச வேண்டியிருந்தால் "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

இப்போது விட்டுவிடுவது என்றால் என்ன என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். டாக்டர் கேட்கிறார்: "இருமல் இருக்கா?" அந்த அம்மா சொல்கிறார்: "இருக்குப்பா, முதலில் வீட்டுக்காரருக்குத்தான் வந்தது, அவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ரெண்டு மாசம் சாப்பிட்டார், உடம்பு தேறிடுச்சுன்னு நிறுத்திட்டார், இப்போ மறுபடியும் இருமுறார், எனக்கும் மழை நின்னதிலிருந்து இருக்கு, ராத்திரியில உடம்பெல்லாம் வேர்க்குது." வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள், கேள்வி ஆமா-இல்லை கேள்வி, நீங்கள் டாக்டரிடம் "ஆமாம், இருமல் இருக்கிறது" என்கிறீர்கள். டாக்டர் இருமல் மருந்து எழுதுகிறார். நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் நடுவில் நிறுத்திய மாத்திரை, வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், இரவு வியர்வை, இவை காசநோயைச் சந்தேகிக்க வைக்கும் தகவல்கள். காசநோய் மருந்தை வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத வகையாக மாறும் ஆபத்து உண்டு. அந்த அம்மாவுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே பரிசோதனை தேவைப்பட்டிருக்கும். எது முக்கியம் என்று முடிவு செய்ய உங்களுக்குப் படிப்பு இல்லை, அதனால் முடிவு செய்யாதீர்கள், முழுக் கதையையும் கொடுங்கள். நீளமாகப் போனால் கையைக் காட்டி நிறுத்தி, அதுவரை சொன்னதைச் சொல்லிவிட்டு, "ம், அப்புறம்?" என்று தொடரச் சொல்லுங்கள்.

எண், மருந்தின் பெயர், எந்தப் பக்கம் என்பது, இவற்றை மட்டும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் விரலைக் காட்டி உறுதி செய்யுங்கள். சொல் தெரியாவிட்டால் "இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை, விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே இல்லை.

கூட வந்த உறவினர் பதில் சொல்ல ஆரம்பித்தால் அதையும் மொழிபெயர்த்துவிட்டு, இதைச் சொன்னது மகன் என்று டாக்டருக்குத் தெரிவியுங்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நோயாளி திட்டினாலும் அப்படியே சொல்ல வேண்டும், ஆம், அதையும்தான்.

"நீ என்ன தம்பி சொல்றே, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று உங்களைக் கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள், ஏனென்றால் அந்த இடத்தில் அவர்கள் மொழி பேசும் ஒரே முகம் உங்களுடையது. பதில் சொல்லாதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். "என் கருத்தைக் கேட்கிறார்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் மறுபடி ஒருமுறை விளக்குவார், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் வெளியே வரும்.

சில இடங்களில் இரண்டு பேர் சங்கிலியாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்: டாக்டர் மொழியிலிருந்து நாட்டின் பொது மொழிக்கு நீங்கள், அதிலிருந்து ஊர் மொழிக்கு இன்னொருவர். அப்போது நேரம் இரட்டிப்பாகும், பிழையும் அப்படித்தான். ஒரு வாக்கியத்துக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள்.

படி 7: மருந்து மேசை

எல்லாக் குழுவும் தங்களுடைய நல்ல மொழிபெயர்ப்பாளரை டாக்டர் பக்கத்தில் உட்கார வைக்கும். என்னைக் கேட்டால் மருந்து மேசையில்தான் வைக்க வேண்டும். டாக்டரிடம் ஏதாவது தப்பாகப் போனால் மறுபடி கேட்டுத் திருத்த வாய்ப்பு உண்டு. மருந்து மேசையைத் தாண்டிவிட்டால் அந்த ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார், கையில் நான்கு பாக்கெட், எல்லாமே வெள்ளை மாத்திரை, காலையிலிருந்து காத்திருந்த களைப்பு, ஊருக்குப் போகும் வண்டியைப் பிடிக்கிற அவசரம்.

ஒரு பாக்கெட்டை முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பாக்கெட் மேல் உதிக்கும் சூரியன், உச்சி சூரியன், நிலா என்று வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போடுங்கள். "சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை" என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று மருந்தாளுநரைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வேளை சாப்பிடுகிறவர் இரண்டு மாத்திரையோடு நிறுத்திக்கொள்வார். தடவும் மருந்தைக் குடித்துவிடக் கூடாது, பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையை விழுங்கிவிடக் கூடாது என்பதையெல்லாம் "இது தெரியாதா" என்று நினைக்காமல் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடிக்கு மட்டும் தனிக் கவனம். பெரிய பாக்கெட் என்றால் பெரும்பாலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, ஆனால் சின்னப் பாக்கெட்டுகளும் உண்டு, மேலே என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து, அதிகத் தண்ணீரில் கரைத்தால் பலன் இல்லை. லிட்டர் என்று சொல்லி விட்டுவிடாமல், அவர்கள் வீட்டில் இருக்கும் பாத்திரத்தில் எவ்வளவு என்று காட்ட ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் போய் மருமகளுக்கு எப்படிச் சொல்வீர்கள், எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், நாங்கள் சரியாகச் சொன்னோமா என்று பார்க்கத்தான்" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே மருந்தாளுநரை மறுபடி விளக்க வையுங்கள்.

படி 8: சம்மதம், ரகசியம், குழந்தைகள்

சம்மதப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கும்போது நீங்கள் வாசித்துக்காட்டுவது மட்டும் போதாது, விளக்க வேண்டிய பொறுப்பு டாக்டருடையது. அவர் பக்கத்தில் இல்லாமல் "நீயே சொல்லி வாங்கிடு" என்றால் மறுத்துவிடுங்கள். என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேண்டாம் என்று சொல்லலாமா, இந்த நான்கும் பேச்சில் வந்ததா என்று மனசுக்குள் எண்ணிப்பாருங்கள். விட்டுப்போனது எது என்று டாக்டருக்கு நினைவூட்டலாம்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் இரு மொழியும் அழகாகப் பேசும், ஆகவே அம்மாவுக்கு மகளை மொழிபெயர்க்க விடுவது எங்கும் நடக்கிறது. அம்மாவின் கருச்சிதைவைப் பற்றி பத்து வயதுப் பெண் பேச வேண்டிய நிலைமையை யோசித்துப்பாருங்கள். அமெரிக்காவில் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. கணவர் மனைவிக்கு மொழிபெயர்ப்பதும் அதே கதைதான். வீட்டில் அடி விழுகிறதா என்ற கேள்வியை யார் மொழிபெயர்ப்பது?

சின்ன ஊரில் ரகசியம் காப்பது நகரத்தைவிடக் கஷ்டம். பெயரைச் சொல்லாவிட்டாலும் "காலையில் வந்த கர்ப்பிணிப் பெண்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில், வண்டியில், டிரைவர் முன்னால் வாயைக் கட்டுங்கள். முகாம் போட்டோக்களும் இதில் அடக்கம்.

மொழிபெயர்ப்பு ஆப் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வரிசையில் நிற்கச் சொல்லவும் ஒற்றைச் சொல்லைச் சரிபார்க்கவும் ஓகே. அளவு, எச்சரிக்கை, சம்மதம் எதற்கும் வேண்டாம், குறிப்பாக இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில் "சாப்பிடாதே" என்பது "சாப்பிடு" என்று ஆகிவிட்டால் உங்களால் கண்டுபிடிக்க முடியும், டாக்டரால் முடியாது.

படி 9: உங்கள் உடம்பும் மனசும், அப்புறம் கிளம்பும்போது

மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் அரை மணிக்கொருமுறை ஆள் மாற்றிக்கொள்வார்கள். முகாமில் அந்த வசதி கிடைக்காது, ஆனாலும் ஒன்றரை மணிக்கொருமுறை பத்து நிமிடமாவது எழுந்து போங்கள். களைப்பு முதலில் எண்களில்தான் தெரியும்: பதினைந்தா ஐம்பதா என்று நீங்களே திரும்பக் கேட்க ஆரம்பித்தால் ஓய்வு எடுக்கும் நேரம் தாண்டிவிட்டது.

நாள் முழுக்க "என் குழந்தை இறந்துவிட்டது", "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தன்மையில் பேசியது ராத்திரியில் திரும்பி வரும். டாக்டர்களுக்கு இது தொழில், அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், மொழிபெயர்ப்பாளரை அந்தப் பேச்சில் சேர்க்க மறந்துவிடுவார்கள். தினமும் மாலையில் குழுவோடு கால் மணி நேரம் உட்கார வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். வீடு திரும்பி வாரங்கள் ஆகியும் தூக்கம் சரியாகாவிட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

ஒழுக்க விதிகளை ஒழுங்காகப் படிக்க விரும்பினால் அமெரிக்காவின் தேசிய சுகாதார மொழிபெயர்ப்புக் கவுன்சில் 2004-லும் 2005-லும் வெளியிட்ட நெறிமுறையும் செயல் தரங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கிளம்பும் நாளில் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். நோயாளிகளின் விவரம் உள்ள பக்கங்களைக் கிழித்து முகாம் பொறுப்பாளர் முன்னால் அழித்துவிடுங்கள், ஃபோனில் எடுத்தவையும் சேர்த்துத்தான். சேர்த்த சொற்களை, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டபோது சரியான பதில் கிடைத்தது என்ற குறிப்போடு, சுத்தமாக எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அடுத்த குழுவுக்கு. இன்னொன்று அந்த ஊர் சுகாதாரப் பணியாளருக்கு, அவர் படித்துத் திருத்திக் கொடுத்தபின்.